எந்த மேலூர்?
பெயர், முகவரி, அதிகாரம்: சில குறிப்புகள்

1

சில வருஷங்களுக்கு முன்னால் நண்பர் ஒருவர் எனக்குப் புத்தகக் கட்டு ஒன்று அனுப்பினார். என் பெயர், தெருப் பெயர், அப்புறம் ‘மேலூர்’. அவ்வளவுதான். மாவட்டமும் போடவில்லை, பின்கோடும் போடவில்லை. அவருக்குத் தெரிந்த மேலூர் ஒன்றே ஒன்று, அதில் நான் இருக்கிறேன். ஆனால் ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு மேலூர் உண்டு. தூத்துக்குடியில் ஒரு மேலூர், சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் ஒரு மேலூர். கட்டு எங்கெங்கே சுற்றியதோ, ஒன்றரை மாதம் கழித்து மழையில் நனைந்து உப்பிப்போய் வந்து சேர்ந்தது. தவறு நண்பருடையது என்று சொல்வதைவிட, ஒரு பெயர் தன்னந்தனியாக எந்த இடத்தையும் சுட்டாது என்ற உண்மையின் விளைவு என்று சொல்வதே சரி.

தமிழவனின் ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ (1982) வந்த காலத்திலிருந்தே நம் சிறுபத்திரிகைகளில் இதைப் பேசி வருகிறோம். குறிக்கும் குறிக்கப்படும் பொருளுக்கும் இயற்கையான பந்தம் இல்லை, வேறு குறிகளோடு கொள்ளும் உறவில்தான் ஒரு குறி பொருள் பெறுகிறது என்றெல்லாம் எழுதினோம். இலக்கியப் பிரதியை வைத்து மட்டுமே எழுதினோம் என்பதுதான் குறை. இன்றைக்குக் கோடிக்கணக்கான பேர் நாள்தோறும் கைபேசியில் பெயர்களைத் தட்டுகிறார்கள். ஒவ்வொரு பெயரும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் ஓர் எண்ணாக மாறுகிறது. அந்த மாற்றம் எப்படி நடக்கிறது, யார் அனுமதித்து நடக்கிறது, யார் நினைத்தால் நடக்காது என்பது எழுதுகிறவர்களும் களத்தில் நிற்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். நான் படித்தது தமிழ் எம்.ஏ. கணிப்பொறி ஆள் இல்லை. தேவை வந்ததால் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தத் தேவை என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

2

நண்பரின் கட்டுக்கே திரும்புவோம். 1972 ஆகஸ்ட் 15 அன்று இந்திய அஞ்சல் துறை பின்கோடு முறையைக் கொண்டுவந்தது. எங்கள் ஊருக்கு 625106. முதல் எண் 6, தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய தென்பகுதி. 625 என்றால் மதுரை. கடைசி மூன்று எண்கள் மேலூர் அஞ்சலகம். டெல்லியில் கடிதம் பிரிக்கிறவருக்கு மேலூர் என்று ஓர் ஊர் இருப்பதே தெரிய வேண்டியதில்லை. 6 என்று கண்டால் தெற்கே தள்ளிவிட்டால் போதும். மதுரையில் இருப்பவருக்கு என் தெரு தெரிய வேண்டியதில்லை. தபால்காரருக்கு மட்டும் என் வீடு தெரியும். முழுவதும் தெரிந்தவர் யாருமே இல்லை, ஆனாலும் கடிதம் வந்து சேர்கிறது. ஒவ்வொருவருக்கும் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: அடுத்து யாரிடம் கொடுப்பது.

இணையத்தின் பெயர் ஏற்பாடும் இதே தர்க்கத்தில் நிற்கிறது. ஆனால் தொடக்கத்தில் அப்படி இல்லை. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் காலத்தில் எல்லாக் கணிப்பொறிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் இருந்தன. ஹோஸ்ட்ஸ் கோப்பு என்பார்கள். கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபெய்ன்லர் என்ற பெண்மணி தலைமையிலான குழு அதைப் பராமரித்தது. புதிதாக ஒரு கணிப்பொறிக்குப் பெயர் வேண்டுமென்றால் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் எழுதிச் சேர்ப்பார்கள், மற்ற எல்லோரும் அந்தக் கோப்பை நகல் எடுத்துக்கொள்வார்கள். கர்ணம் வைத்திருந்த ஊர்க் கணக்கு மாதிரி, ஒரே ஏடு, ஒரே கை.

கணிப்பொறிகள் பெருகப் பெருக இது தாங்கவில்லை. கோப்பு வீங்கியது. ஒருவர் நகல் எடுத்து முடிப்பதற்குள் அது பழசாகிப்போனது. ஒரே பெயரை இரண்டு பேர் கேட்டார்கள். 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் மாற்று ஏற்பாடு ஒன்றை எழுதினார். அதுதான் டி.என்.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்படும் டொமைன் பெயர் முறை. அதன் சாரம் ஒரே வாக்கியத்தில் அடங்கும். ஏட்டைக் கிழித்துப் பங்கு போடு, ஆனால் எந்தப் பங்கு யாரிடம் இருக்கிறது என்ற தடயத்தை மட்டும் மேலே வை.

3

நடைமுறையை ஓர் உதாரணத்தில் பார்ப்போம். மதுரை மாவட்ட நிர்வாகத்தின் இணைய முகவரி ‘மதுரை.நிக்.இன்’ (ரோமன் எழுத்தில் இருப்பதைத் தமிழில் ஒலிபெயர்த்து எழுதுகிறேன்). இதைத் தட்டியதும் உங்கள் கைபேசி, நீங்கள் காசு கட்டும் நெட்வொர்க் கம்பெனியின் ஒரு சர்வரிடம் போய் ‘இதன் எண் என்ன?’ என்று கேட்கிறது. அந்தச் சர்வரை ரிசால்வர் என்கிறார்கள். நமக்காக அலைந்து விசாரித்துவரும் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரிசால்வர் பெயரை வலக்கோடியிலிருந்து படிக்கிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ஒவ்வொரு முகவரியின் கடைசியிலும் ஒரு புள்ளி உண்டு. அந்தப் புள்ளிதான் ரூட், மூலம். முதலில் ரூட் சர்வரிடம் கேட்கிறது. ரூட் சொல்லும் பதில்: ‘எனக்கு மதுரையும் தெரியாது, நிக்கும் தெரியாது. இன் என்று முடிகிறதா? அதைப் பார்ப்பவர்கள் இன்னின்ன சர்வர்கள், அங்கே போ.’ ‘இன்’ சர்வர்கள் சொல்கின்றன: ‘நிக் என்பதைத் தேசியத் தகவலியல் மையத்திடம் ஒப்படைத்துவிட்டோம், அங்கே கேள்.’ அங்கே கேட்டால் எண் கிடைக்கிறது. மூன்று வாசல், மூன்று விசாரிப்பு. தாலுகா ஆபீசில் சான்றிதழுக்கு அலைந்தவர்களுக்கு இது பழகிய அனுபவம்தான். ஒரு வித்தியாசம், இங்கே ஒவ்வொரு வாசலிலும் சரியான அடுத்த வாசலைச் சொல்கிறார்கள்.

இதில் இரண்டு சொற்கள் முக்கியமானவை. ஒன்று ஒப்படைப்பு. மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கிறார். அந்தப் பகுதிக்குள் என்ன பெயர் வைப்பது, எந்த எண்ணைத் தருவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. அவர் தரும் பதிலைத்தான் ‘அதிகாரமுள்ள பதில்’ என்று தொழில்நுட்ப மொழியே குறிப்பிடுகிறது. மற்றவர்கள் தருவதெல்லாம் கேட்டுச் சொன்னது.

இரண்டாவது, கேஷ் என்னும் தற்காலிக நினைவு. ஒவ்வொரு தடவையும் மூன்று வாசல் ஏறி இறங்க முடியாது. ஒருமுறை கேட்ட பதிலை ரிசால்வர் வைத்துக்கொள்கிறது. எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம் என்பதையும் பதில் தருபவரே குறித்துக் கொடுத்துவிடுகிறார். ஐந்து நிமிஷம், ஒரு மணி, ஒரு நாள் என்று. அந்த ஆயுள் முடியும்வரை, மூலத்தில் பெயர் மாறியிருந்தாலும் பழைய பதிலே ஊரில் உலவும்.

இதைப் படித்தபோது எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்போவதாகத் தமிழக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் ஏட்டில் மாறியது வாயில் எப்போது மாறும்? சர்வரின் ஞாபகத்துக்கு ஆயுள் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள், அது முடிந்ததும் தானே மறுபடி போய்க் கேட்கும். சாதியின் ஞாபகத்துக்கு அப்படி ஒரு காலக்கெடுவை யாரும் குறித்துத் தரவில்லை. பஸ்ஸில் டிக்கெட் கேட்பவர் வாயில் பழைய பதிலே நீடிக்கிறது.

4

மையமற்ற அமைப்பு, பன்முகத்தன்மை, வலைப்பின்னல் என்றெல்லாம் இணையத்தைக் கொண்டாடிய குரல்கள் நம்மிடையே உண்டு. நானும் கொண்டாடியவன்தான். ஆனால் மேலே சொன்ன நடையைக் கவனியுங்கள். கிளைகள் எத்தனை பிரிந்தாலும் தேடல் ஒரு புள்ளியிலிருந்தே தொடங்குகிறது. வேலை பரவலாக்கப்பட்டிருக்கிறது. மூலம் பரவலாக்கப்படவில்லை.

ரூட் சர்வர்களுக்கு 13 முகவரிகள். ஏன் 13? அந்தக் காலத்தில் ஒரு பதில் 512 பைட்டுக்குள் அடங்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தது, அதற்குள் இத்தனையைத்தான் எழுத முடிந்தது. இன்றைக்கு அந்த 13 முகவரிகளுக்கும் பின்னால் உலகமெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நகல்கள் இருக்கின்றன. ஆகவே ஒன்றை அழித்தால் எல்லாம் போய்விடும் என்ற பயம் வேண்டியதில்லை. ஆனால் நடத்துபவை 12 அமைப்புகள். அவற்றில் ஒன்பது அமெரிக்காவைச் சேர்ந்தவை, அதில் அந்த நாட்டு ராணுவமும் ஒன்று. மீதி மூன்று ஸ்வீடன், நெதர்லாந்து, ஜப்பான். நகல்கள் எத்தனை இருந்தாலும் எல்லாவற்றிலும் இருப்பது ஒரே பட்டியல். அந்தப் பட்டியலில் எந்தப் பெயர் சேரும் என்பதுதான் அரசியல்.

இந்தப் பட்டியலைப் பல காலம் கவனித்துவந்தவர் ஜான் போஸ்டல் என்ற தாடிக்காரர். 1998 ஜனவரி 28 அன்று அவர் எட்டு ரூட் சர்வர்களின் பொறுப்பாளர்களுக்கு ஓர் அஞ்சல் அனுப்பினார். இனி பட்டியலை அமெரிக்க அரசின் ஒப்பந்தக் கம்பெனியிடமிருந்து வாங்காமல் தன்னிடமிருந்து வாங்கிக்கொள்ளும்படி கேட்டார். அவர்களும் மாற்றிக்கொண்டார்கள். சில நாட்களில் அமெரிக்க அரசின் நெருக்கடியால் எல்லாம் பழையபடி ஆனது. அதே வருஷம் செப்டம்பரில் ஐகான் என்ற அமைப்பு உருவாக்கப்பட்டது, அக்டோபரில் போஸ்டல் இறந்துபோனார். 2016 அக்டோபர் 1 வரை அமெரிக்க வணிகத் துறையின் மேற்பார்வை நீடித்தது. ஒரு மனிதரின் வார்த்தைக்கு எட்டுச் சர்வர்கள் கட்டுப்பட்டன என்பதிலிருந்து நான் வாசிப்பது இதுதான்: இந்த அமைப்பின் அடித்தளம் இயந்திரமல்ல, நம்பிக்கை. எல்லோரும் ஒரே பட்டியலை ஏற்றுக்கொண்டிருப்பதால்தான் அது பட்டியல்.

நாட்டுப் பெயர்களுக்கு வருவோம். எது நாடு, எது நாடல்ல என்று தீர்மானிக்கும் வேலை தங்களுடையதல்ல என்று 1994இல் போஸ்டல் எழுதிவைத்தார். அதனால் ஐ.எஸ்.ஓ. 3166 என்ற ஏற்கெனவே இருந்த பட்டியலையே எடுத்துக்கொண்டார்கள். நடுநிலை மாதிரித் தெரியும். ஆனால் அந்தப் பட்டியலில் இடம்பெறாத தேசிய இனத்துக்கு நாட்டுப் பெயரில் இடமில்லை என்பதே அதன் பொருள். பாலஸ்தீனம் 1999இல் அந்தப் பட்டியலில் ஏறியது, 2000இல் ‘பி.எஸ்’ என்ற பெயரைப் பெற்றது. யூகோஸ்லாவியா சிதறிப்போனதால் ‘ஒய்.யு’ 2010இல் நீக்கப்பட்டது. சோவியத் யூனியனின் ‘எஸ்.யு’ அந்த நாடு போன பின்னும் நீடிக்கிறது. பெயருக்கும் பொருளுக்கும் இயற்கையான பந்தமில்லை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

5

இனி தமிழ். தொடக்கத்தில் பெயரில் வரக்கூடியவை ரோமன் எழுத்து இருபத்தாறு, எண்கள் பத்து, ஒரு சிறு கோடு. உலகத்து மற்ற எழுத்துகளெல்லாம் வாசலுக்கு வெளியே. இந்த வாசலைத் தட்டியவர்களில் சிங்கப்பூர்க்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, டான் டின் வீ போன்றோருடன் சேர்ந்து 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளைத் தமிழ் உள்ளிட்ட நான்கு மொழிகளில் இணையத்தில் ஏற்றினார். டான் டின் வீயின் குழுவே 1998இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பலமொழி டொமைன் பெயர்ச் சோதனையைத் தொடங்கியது. கோவிந்தசாமி 1999இல் மறைந்துவிட்டார். ஒரு சிறுகதைக்காரர் எழுத்துரு செய்ய உட்கார்ந்தார் என்பதை நம் இலக்கிய வரலாறுகள் அடிக்குறிப்பில்கூடச் சொல்வதில்லை.

2007 அக்டோபரில் ஐகான் பதினோரு சோதனைப் பெயர்களை ரூட்டில் ஏற்றியது. அவற்றில் தமிழும் ஒன்று. தமிழுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘உதாரணம்.பரிட்சை’. ‘பரீட்சை’ அல்ல, ‘பரிட்சை’. உலக இணையத்தின் மூலப் பட்டியலில் முதன்முதலாக ஏறிய தமிழ்ச் சொல்லில் எழுத்துப்பிழை! 2013இல் அது நீக்கப்பட்டது. நாம் தேறினோமா என்பது வேறு விஷயம். 2010இல் ‘.இலங்கை’ ரூட்டில் ஏறியது. 2011இல் ‘.சிங்கப்பூர்’ வந்தது. ‘.இந்தியா’வுக்கும் அதே வருஷம் ஐகான் ஒப்புதல் கொடுத்தது. தமிழர்கள் லட்சக்கணக்கில் வாழும் மலேசியாவுக்கு அரபு எழுத்தில் பெயர் உண்டு, தமிழில் இல்லை. அரசு அங்கீகரித்த மொழிக்கே நாட்டுப் பெயர் என்பது விதி. ஆக, மூன்று இடங்களிலும் தமிழ் உள்ளே நுழைந்தது ஓர் அரசின் கையைப் பிடித்துக்கொண்டுதான்.

நுழைந்த பிறகாவது தமிழாக இருக்கிறதா? இல்லை. 2003இல் வகுத்த ப்யூனிகோட் என்ற முறைப்படி, நீங்கள் தட்டும் தமிழ்ப் பெயர் வெளியே கிளம்பும் முன்பே ரோமன் எழுத்துக் கோவையாக மாற்றப்படுகிறது. ‘இந்தியா’ என்று நாம் எழுதுவதை ரூட் சர்வர் இப்படி வாசிக்கிறது: எக்ஸ்-என்-கோடு-கோடு-எக்ஸ்-கே-சி-2-டி-எல்-3-ஏ-5-இ-இ-0-ஹெச். தமிழ்க் கணக்கில் நான்கு எழுத்து, அங்கே பதினேழு. பழைய சர்வர்கள் எதையும் மாற்றாமல் புது மொழிகளைச் சேர்க்க இதுதான் வழி என்றார்கள். பொறியியலாக இது கெட்டிக்காரத்தனம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திரையில் தமிழ், உள்ளே ரோமன் என்ற இந்த இரட்டை வாழ்க்கை நமக்குப் புதிதா? பெயர்ப்பலகை தமிழில், கோப்பு ஆங்கிலத்தில் என்று ஓடும் எத்தனை அலுவலகங்களைப் பார்த்திருக்கிறோம்.

இன்னொரு சிறு விஷயம். சோழர் காலக் கல்வெட்டுகளில் இடம் சொல்லும் வரிசை மண்டலம், வளநாடு, நாடு, ஊர் என்று பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கும். இன்றும் பேச்சில் ‘மதுரைப் பக்கம், மேலூர் தாலுகா, அரிட்டாபட்டி’ என்றுதான் சொல்கிறோம். டொமைன் பெயரோ சிறியதிலிருந்து பெரியதற்கு எழுதப்படுகிறது. இது இயந்திரத்தின் தேவை அல்ல, இயந்திரம் வலமிருந்துதான் தேடுகிறது. பிரிட்டனின் பல்கலைக்கழக வலையில் ஒரு காலத்தில் பெரியதை முன்னால் வைத்தே எழுதினார்கள், அப்புறம் அமெரிக்க வழக்கத்துக்கு மாறிக்கொண்டார்கள். இயற்கை என்று நாம் நினைக்கும் வரிசைகூட ஒரு தரப்பின் வழக்கம் பொதுவிதியாக ஆனதுதான்.

6

ஒப்படைப்பு என்ற சொல்லை நான் லேசாகக் கடந்துபோக முடியாது. மேலூரிலிருந்து எழுதுகிறேன்.

டி.என்.எஸ்.சில் ஒரு பழுது உண்டு. மேலேயுள்ள சர்வர் ‘இந்தப் பகுதி இன்னாரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது’ என்று காட்டும். அங்கே போனால் பதில் இருக்காது. இதை வெற்று ஒப்படைப்பு என்று சொல்லலாம். காகிதத்தில் அதிகாரம் இருக்கும், நடப்பில் இருக்காது. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டன. பத்து வருஷம் அங்கே வேட்புமனுவே வராது, வந்து ஜெயித்தால் உடனே ராஜினாமா வரும். 2006இல்தான் தேர்தல் ஒழுங்காக நடந்தது. அது வெற்று ஒப்படைப்பு. ஆனால் எங்கள் தாலுகாவின் மேலவளவில் நடந்ததற்கு இந்த உவமை போதாது. அங்கே முருகேசன் நின்றார், வென்றார், பதில் சொல்லத் தயாராக இருந்தார். 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸில் வந்துகொண்டிருந்த அவரும் மேலும் ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். இயந்திரத்தின் பழுதைச் சரிசெய்யலாம். இது பழுதல்ல, ஒப்படைக்கப்பட்டதை ஏற்க மறுத்த கொலை. உவமை எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிறுத்துவதும் விமர்சனத்தின் வேலைதான்.

பெயரை வைப்பவர் தேடலையும் தீர்மானிக்கிறார். 2024 நவம்பரில் எங்கள் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்ததாகச் செய்தி வந்தது. தொகுதியின் பெயர் ‘நாயக்கர்பட்டி’, பரப்பு 2015.51 ஹெக்டேர். 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியின் பகுதியும் அதற்குள் இருந்தது. ஆவணத்தில் ‘அரிட்டாபட்டி’ என்று தேடுகிறவருக்குத் தலைப்பில் அது சிக்காது. 2025 ஜனவரியில் ஊர் ஊராக மக்கள் திரண்டு மதுரைக்குப் போனபோது அவர்கள் சொன்னது தங்கள் ஊர்ப்பெயரை. அதே மாதம் 23ஆம் தேதி ஏலம் ரத்தானது.

இணையத்திலும் அப்படியே. ஒரு தளத்தை மறைக்க அதை அழிக்க வேண்டியதில்லை. பெயரைக் கேட்டால் பதில் வராமல் செய்தால் போதும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கினவே, அன்று அவர்களின் எந்தத் தகவலும் அழிந்துவிடவில்லை. அவர்களின் பெயர் சர்வர்களுக்குப் போகும் வழி அறுந்திருந்தது, அதனால் பெயர் கேட்டவர்களுக்கு விடையில்லை. அன்றைக்கு நடந்தது விபத்து. அரசு நினைத்தால் திட்டமிட்டும் செய்யலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் தடை உத்தரவு வந்தால், நெட்வொர்க் கம்பெனிகள் கையாளும் எளிய வழிகளில் ஒன்று, தங்கள் ரிசால்வரைப் பொய் சொல்ல வைப்பது. ‘அப்படி ஒரு பெயரே இல்லை’ என்று அது சொல்லிவிடும். நாமும் நம்பிவிடுவோம்.

7

எனக்கு வந்த தேவை இதுதான். நண்பர்கள் சிலர் சேர்ந்து, நின்றுபோன ஒரு சிறுபத்திரிகையின் பழைய இதழ்களை ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்தோம். நான்கு வருஷ உழைப்பு. டொமைன் பெயர் ஒரு நண்பரின் பெயரில், அவர் மின்னஞ்சலில் பதிவாகியிருந்தது. அவர் வெளிநாடு போய்விட்டார், அந்த மின்னஞ்சலைத் திறப்பதை விட்டுவிட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்களை யாரும் பார்க்கவில்லை. கெடு முடிந்தது, மீட்புக்குத் தரும் முப்பது நாளும் முடிந்தது. யாரோ அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். இன்று அந்த முகவரியைத் தட்டினால் சூதாட்ட விளம்பரம் வருகிறது. எத்தனையோ ஆய்வேடுகளில் அடிக்குறிப்பாக இருக்கும் முகவரி அது.

பெயர் நமக்குச் சொந்தமில்லை, வருஷ வாடகைக்கு எடுத்தது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. ஆகவே சொல்கிறேன். பதிவைத் தனிநபர் மின்னஞ்சலில் வைக்காதீர்கள், குழுவில் மூன்று பேராவது திறக்கக்கூடிய முகவரியில் வையுங்கள். கெடு தேதியைக் காலண்டரில் எழுதுங்கள், முடிந்தால் சில வருஷங்களுக்குச் சேர்த்துக் கட்டுங்கள். முக்கியமாக, ஒரே பெயருக்குக் கீழே எல்லாவற்றையும் வைக்காதீர்கள். கோப்புகளின் நகல் நான்கு பேர் வீட்டில் இருக்கட்டும், ஒரு நூலகத்தில் இருக்கட்டும். ஒரே ஏடு ஒரே கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதை 1983இலேயே கண்டுகொண்டு ஓர் ஏற்பாடு செய்தார்கள். அதன் மேல் ஏறி நின்றுகொண்டு நாம் மறுபடியும் ஒரே கையில் கொடுத்துவிட்டோம்.

இதழ்களின் ஸ்கேன் பிரதிகளில் பாதிக்கு மேல் இன்னொரு நண்பரின் பழைய ஹார்ட்டிஸ்க்கில் கிடைத்துவிட்டன. மீதிக்குத் தேடிக்கொண்டிருக்கிறோம். அச்சிட்ட இதழ் யாரிடமாவது இருந்தால் எனக்கு அனுப்புங்கள். அனுப்பும்போது வெறுமனே மேலூர் என்று மட்டும் போடாதீர்கள்.